முந்நூறு வோல்ட்டில் ஓடிய மோட்டார்

எனக்கு வாய் நீளம். பிறந்த வீட்டில் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றார்கள். கூத்தாநல்லூர் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபின் அதற்குத் திமிர் என்று பேர். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்த பெண் வேண்டும் என்று தேடி வந்தவர்களும் இதே ஆட்கள்தான்.

மாமனாருக்குச் சொந்த நிலம் கிடையாது. பண்ணையாருடைய நாலு ஏக்கரைக் குத்தகைக்குப் பயிர் செய்தார். குத்தகைதாரர் என்று தாலுகா ஆபீசில் பதிவாகியிருந்ததால் பண்ணையார் நினைத்தபடி அவரை வெளியேற்ற முடியவில்லை. குத்தகை நெல் அளக்கத் தவறினால் மட்டும் முடியும். அந்த ஆள் அதற்காகவே காத்துக்கிடந்தார். ஆட்சி மாறும்போதெல்லாம் துண்டின் கரையை மாற்றிக்கொள்வார், எங்கள் மேல் வைத்த வன்மத்தை மட்டும் மாற்றவே இல்லை.

அந்த வருஷம் மேட்டூர் திறக்கத் தாமதம். குறுவை நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடக்க, ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்றுதான் பயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அது நின்றால் பயிர் போகும், பயிர் போனால் நெல் அளக்க முடியாது, நிலமும் போய்விடும். வீட்டில் எல்லாரும் மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டோம்.

பண்ணையார் மின்வாரியத்துக்கு ஒரு மனு போட்டார். ஐந்து என்று எழுதி வாங்கிவிட்டு ஏழரை குதிரைசக்தி மோட்டார் ஓட்டுகிறோமாம். ஒரு நாள் காலை எஞ்சினியர் வந்தார், கூடவே லைன்மேன். பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு பண்ணையார்.

லைன்மேன் கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரின் வாயைத் திறந்து கம்பியைக் கவ்வவிட்டார். பதினோரு ஆம்பியர் காட்டியது. எஞ்சினியர் அதை நானூறு வோல்ட்டோடு பெருக்கி, மூன்று கம்பிக் கணக்குக்கு உண்டானதையும் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஐந்து எச்.பி. மோட்டார் இவ்வளவு இழுக்காதுங்க. ஏழரைன்னு மாத்தி எழுதிடறேன். அபராதம் வரும், கட்டிடுங்க."

மாமனார் கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க" என்றார். செய்யாத திருட்டுக்குச் சரிங்க! வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு முன்னால் போனேன்.

"நானூறு வோல்ட்டுன்னு யாருங்க சொன்னது? அளந்து பாத்தீங்களா?"

எஞ்சினியருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அளங்கய்யா" என்று எரிந்து விழுந்தார். லைன்மேன் அளந்தார். முந்நூறு.

நான் விடவில்லை. மோட்டார் தூக்க வேண்டிய தண்ணீர் அதேதான், வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டித்தான் இழுக்கும், முந்நூறால் பெருக்கினால் கணக்கு ஐந்து குதிரைசக்திக்குள் வந்துவிடும் என்றேன். அவர் பெருக்கிப் பார்த்தார். வந்தது. பண்ணையார் முகத்தில் ஈயாடவில்லை. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்துகிற ஜாதியா?

"மிச்ச நூறு வோல்ட் எங்க போச்சுன்னு கேளுங்க சார். டிரான்ஸ்பார்மர்ல நானூறு இருக்குல்ல?"

"இருக்கும்மா" என்றார் லைன்மேன்.

"அப்ப கம்பிதான் தின்னுது. மூணு கம்பிக் கணக்குல பாத்தா ஒரு கம்பிக்கு அம்பத்தெட்டு வோல்ட். பதினொண்ணால வகுத்தா, கம்பியோட ரெசிஸ்டன்ஸ் அஞ்சு ஓம்ஸுக்குக் குறையாது. நல்ல அலுமினியக் கம்பின்னா இவ்வளவு வருமா? இந்த ஐயா அவர் வயல்ல கம்பம் நட விடல. அதனாலதான் சவுக்குக் கழி ஊன்றி வாய்க்கால் கரையோட சுத்தி இரும்புக் கம்பி இழுத்திருக்கோம். அவர் பண்ண வேலைக்கு எங்க மேல மனு!"

லைன்மேன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கம்பி எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியும், ஆபீசுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்ததால்தான் எங்கள் மோட்டார் ஓடியது. புருஷன் என்னைத் தடுத்தது எதற்கென்று அப்போதுதான் உறைத்தது.

பண்ணையார் குடையை மடக்கினார். "பொண்ணு சொல்றது நியாயந்தானே சார். சவுக்குக் கழியில லைனு. நாளைக்கு அது அறுந்து விழுந்து, என் ஆளு எவனாவது மிதிச்சுச் செத்தா யார் பதில் சொல்றது?"

எஞ்சினியர் ஏழரை என்று எழுதியதை அடித்தார். அடுத்த பக்கத்தில் வேறு எழுதினார். பாதுகாப்பற்ற லைன், இணைப்பு துண்டிப்பு. லைன்மேன் கம்பத்தில் ஏறினார்.

போகும்போது பண்ணையார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "படிச்ச பொண்ணுன்னா இப்படித்தாம்மா இருக்கணும்." கையில் மண்வெட்டி இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

முறையான கம்பம் நட அவர் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். கொடுப்பாரா? காவிரி வருவதற்குள் பயிர் கருகிவிட்டது. நெல் அளக்க முடியவில்லை. மாமனார் தாலுகா ஆபீசுக்குப் போய் நிலத்தை ஒப்படைத்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பண்ணையார் அதிலேயே சம்பா நட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏழரை என்ற பொய்யோடு தண்ணீர் ஓடியிருக்கும்.

பொங்கல் முடிந்து பண்ணையார் ஆள் அனுப்பினார். பேத்திக்குப் பௌதிகம் வரவில்லையாம், நான் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டுமாம், மாதம் ஒரு மூட்டை அரிசி. வந்தவனைக் காறித் துப்பி அனுப்பத்தான் நினைத்தேன். வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. போனேன்.

முதல் மூட்டை வந்த அன்று நானே வடித்து மாமனாருக்குப் பரிமாறினேன். எந்த வீட்டு அரிசி என்று அவருக்குத் தெரியும், எந்த வயலில் விளைந்தது என்றும் தெரியும். "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.