முன்வரிசை நாற்காலி

தங்கை போய்ச் சேர்ந்த பிறகும் நாற்காலிக்காரருக்கு அவள் மேலிருந்த ஒரு கோபம் மட்டும் போகவில்லை. செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வண்டியில் நாற்காலிகளை அடுக்கும்போது ஒன்று சரியாக உட்காராமல் நழுவினால் அதை ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார் பாருங்கள், அந்தத் தட்டில் இருக்கும் அது.

விஷயம் என்னவோ சின்னதுதான். அவர் தொழில் நாற்காலி, மேசை வாடகைக்கு விடுவது. எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு அதில் இறங்கியவர். தங்கை அப்படியில்லை. படித்தாள், காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலைக்குப் போனாள், கல்யாணம் வேண்டாம் என்றாள், சனி ஞாயிறு வந்தால் வீடு தங்க மாட்டாள். செல்போனுக்குச் செயலி எழுதுகிற இளவட்டங்களைத் திரட்டி ஹேக்கத்தான் என்று ஒன்றை நடத்துவதுதான் அவளுக்கு வாரக் கடைசி. சனிக்கிழமை காலையில் அணி அணியாக உட்கார்வார்கள், ஞாயிறு சாயங்காலத்துக்குள் புதிதாக ஒரு செயலியைச் செய்து மேடையேறிக் காட்ட வேண்டும். நடத்துகிற யாருக்கும் சம்பளம் கிடையாது. கூடம் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தார் சும்மா கொடுத்தது, மூன்றாவது மாடியில். அங்கே லிஃப்ட் சனிக்கிழமை பார்த்துத்தான் பழுதாகும் என்பது நாற்காலிக்காரரின் தீர்மானமான கருத்து.

முதல் ஹேக்கத்தானில் அவ்வளவு நாற்காலியையும் தோளில் சுமந்து ஏற்றிப் போட்டுவிட்டு, சரி, இந்தப் பிள்ளைகள் அப்படி என்னத்தைத்தான் செய்தார்கள் என்று பார்ப்போமே என்று முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்தார். இரும்புக் கால், வழவழப்புத் தரை. அது போட்ட கிறீச்சில் மேடையில் பேசிக்கொண்டிருந்த பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். தங்கை மைக்கில் சொன்னாள்: "அண்ணா, நீ போய் வண்டியப் பாரு."

கூடமே சிரித்தது. எங்கே நிறுத்தினாலும் எவனும் சீண்டாத வண்டி அது. அதைப் போய் என்ன பார்ப்பது? ஆனாலும் இறங்கிப் போனார். அதோடு முடியவில்லை. யாரையாவது கழற்றிவிட வேண்டுமென்றால் "நீ போய் வண்டியப் பாரு" என்பது அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. அதன் பிறகு எத்தனையோ ஹேக்கத்தான்கள். எல்லாவற்றுக்கும் நாற்காலி போட்டார். மேடைக் காட்சி ஆரம்பிக்கும்போது வண்டியில் போய் உட்கார்ந்துகொள்வார். அவளும் "மேல வாண்ணா" என்று ஒருமுறை கூடக் கூப்பிடவில்லை.

"அவ ஏதோ சும்மா சொன்னது. அதப் போய் நெஞ்சுல சுமக்குறீங்களே" என்பாள் அவர் மனைவி.

"சும்மா சொல்றதுக்கு எதுக்குடி மைக்கு?"

கூட்டத்துப் பிள்ளைகளுக்குத் தங்கை மணியக்கா. அவள் கையில் ஒரு பித்தளை மணி இருக்கும். ஞாயிறு சாயங்காலம் நேரம் முடிந்ததும் அதை அடிப்பாள். அடித்த நொடி எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட வேண்டும். அதற்கப்புறம் ஓர் எழுத்தைத் தொட்டாலும் அந்த அணி வெளியே. "போலீஸ் பிடிச்ச மாதிரி நிக்குதுங்க" என்று அண்ணன் கேலி செய்வார். "ஒழுங்கு வேணும்ல அண்ணா. இல்லேன்னா விடிய விடிய நோண்டிக்கிட்டே இருக்கும்" என்பாள். அவளுக்குச் செயலியில் ஒரு வரி கூட எழுதத் தெரியாது. ஆனால் அந்த மணிக்கு அத்தனை பேரும் அடங்கினார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் செய்த செயலி முதல் பரிசு வாங்கியது. டயாலிசிஸுக்குப் போகிற சிறுநீரக நோயாளிகளுக்கானது. சொந்த வண்டி வைத்திருக்கும் நல்ல மனசுக்காரர்கள் அதில் பேர் கொடுத்திருப்பார்கள். நோயாளி தன் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தகவல் போகும். அவர் கிளம்பினதும் நோயாளியின் போனில் 'வண்டி புறப்பட்டது' என்று பச்சையில் வரும். தகவல் போவதும் வருவதும் ஒரு பழைய மடிக்கணினி வழியாக. அது ஓடினால் இது ஓடும்.

பரிசு வாங்கின நால்வரும் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு வேலை கிடைத்து ஆளுக்கொரு திசையில் போனார்கள். நோயாளிகள் எங்கே போவார்கள்? அவர்கள் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். மடிக்கணினி தங்கை வீட்டுக்கு வந்தது. செருப்பு அலமாரி மேல் அதை வைத்து, சூடாகாமலிருக்க ஒரு குட்டி மின்விசிறியும் வைத்தாள். வேலைக்குக் கிளம்பும்போது ஒருமுறை, வந்ததும் ஒருமுறை அதன் விளக்கைப் பார்ப்பாள். அதை விட்டுவிட்டு வெளியூர் போக மாட்டாள். வெளியூரில் நடந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூடக் காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிட்டாள்.

"பெத்தவங்க நாலு பேரும் ஜம்முனு இருக்காங்க. தாலாட்டறது மட்டும் நீயா?" என்று கேட்டார் அண்ணன்.

"வேற யாரு இருக்கா, சொல்லு."

"அப்ப எதுக்கு மாசாமாசம் புதுசு புதுசா பெக்க விடறே?"

அந்தக் கேள்வி அவளுக்கு எங்கோ தைத்திருக்க வேண்டும். அடுத்த ஹேக்கத்தானில் புதுச் செயலியே கிடையாது, இதுவரை செய்து கைவிட்டதை எல்லாம் எடுத்துச் சீர்செய்வது மட்டும்தான் என்று அறிவித்துவிட்டாள். கூட நடத்துகிறவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். கல்யாணச் சாப்பாடு என்று கூப்பிட்டு எச்சில் பாத்திரம் கழுவச் சொன்னால் யார் வருவார்கள்? நாற்காலிக்காரர் வழக்கம்போலக் கூடம் நிறையப் போட்டார். வந்தவர்கள் ஒரு மேசைக்குக்கூடக் காணாது. அவர்களும் பொத்தான்களின் நிறத்தை மாற்றினார்கள், எழுத்தைப் பெரிதாக்கினார்கள், ரொட்டியும் ஜாமும் தின்றார்கள், கிளம்பிவிட்டார்கள்.

மத்தியானம் அவள் சொன்னாள்: "அண்ணா, மிச்ச நாற்காலிய எல்லாம் எடுத்துடேன். காலியா இருக்கறதப் பாத்தா என்னமோ மாதிரி இருக்கு."

அன்றைக்கு மூச்சு வாங்கியபடி சுவரில் சாய்ந்து நின்றாள். மாடிப்படிதான் காரணம் என்று அவரும் நினைத்தார், அவளும் நினைத்தாள்.

படி இல்லை, இதயம். ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. அடுத்த மாதம் அலுவலகத்தில் நாற்காலியிலிருந்து எழுந்தவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடனே அறுவை சிகிச்சை செய்ய முடியாது, உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்றார் டாக்டர். அண்ணன் கடையை மூடிவிட்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தார். அவளுடைய போன், அண்ணி பையின் அடியில், சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. யாருக்கும் அது நினைவில்லை.

அவள் வீட்டில் இடையில் எப்போதோ கரண்ட் போய் வந்திருக்கிறது. அந்த மடிக்கணினியின் பேட்டரி செத்துப் பல காலம் ஆகியிருந்தது. கரண்ட் போனதும் அதுவும் படுத்துவிட்டது. எழுப்ப ஆளில்லை.

நாற்காலிக்காரர் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அவசரப் பிரிவின் வாசல் பெஞ்சில் தெரிந்த முகம் ஒன்று. தையல்காரரின் மனைவி. அவருடைய நாற்காலிகளுக்கெல்லாம் உறை தைத்துக் கொடுத்தவர் அந்தத் தையல்காரர். சிறுநீரகம் போய் டயாலிசிஸில் இருக்கிறார், அந்தச் செயலி வண்டியில்தான் போய்வருகிறார் என்பது தெரியும்.

"என்னம்மா, இங்க?"

"மூச்சு விட முடியாமத் தூக்கிட்டு வந்தோம். ரெண்டு தடவ டயாலிசிஸ் விட்டுப் போச்சு."

"ஏன் விட்டீங்க? வண்டி வரலையா?"

"அதான் தெரியல. புறப்பட்டதுன்னு பச்சையில காட்டிச்சு. இவரு வெளுத்த சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல போய் உக்காந்தாரு. வெயில் ஏறுது, வண்டி வரல. பக்கத்து வீட்டம்மா வாடகை வண்டி கூப்பிடறேன்னாங்க. 'வேணாம், எனக்காக ஒரு மனுஷன் கிளம்பி வந்துக்கிட்டிருக்காரு. நான் வேற வண்டியில போயிட்டா அவரு ஏமாந்து போவாரு'ன்னுட்டாரு. உங்க தங்கச்சிக்கு எத்தன தடவ போன் போட்டோம்! அணைஞ்சு கெடந்துது. அடுத்த தடவையும் இதே கதைதான். மத்தவங்க ஒரு தடவ ஏமாந்ததும் சுதாரிச்சுக்கிட்டாங்களாம். இவருக்கு அந்தப் பச்சை மேல அப்படி ஒரு நம்பிக்கை."

நாற்காலிக்காரருக்கு விளங்கவில்லை. ஆளில்லாத வீட்டில் மடிக்கணினி படுத்திருக்கும், சரி. அது படுத்தால் செயலியும் படுக்க வேண்டும். அதெப்படி வண்டி புறப்பட்டது என்று சொல்லும்? அந்த நால்வரில் ஒருவன் உள்ளூருக்கே திரும்பி வந்து ஒரு பெரிய கம்பெனியில் இருந்தான். தலைமுடியால் அவனுக்குச் சுருட்டை என்று பேர். அவனை வேலையிலிருந்து அப்படியே வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார்.

சுருட்டை மடிக்கணினியை எழுப்பினான். எழுதினதையெல்லாம் மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்தான். ஓரிடத்தில் கை நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா?"

"மேடைக்காக எழுதினது அண்ணே. காட்டும்போது நெட் போயிட்டா மானம் போயிடும்னு... பதில் வரலேன்னாலும் கொஞ்ச நேரத்துல 'வண்டி புறப்பட்டது'ன்னு காட்டற மாதிரி ஒரு வரி வச்சேன். மேடைல நிக்கற அந்த மூணு நிமிஷத்துக்கு மட்டும்தான். எல்லா அணியும் இப்படி எதையாச்சும் வைக்கும்."

"வச்சே. எடுக்கறதுக்கென்ன?"

"எடுக்கத்தான் போனேன். அக்கா மணி அடிச்சுட்டாங்க. கையத் தூக்கிட்டோம்." அவன் குரல் உடைந்தது. "அப்புறம் பரிசு, வேலைன்னு... மறந்தே போச்சுண்ணே. நெட்டும் இந்த லேப்டாப்பும் ஓடினவரைக்கும் அந்த வரிக்கு வேலையே வரல."

பளாரென்று ஒன்று விட வேண்டும் போலிருந்தது அவருக்கு. கை எழவில்லை. அவனுக்கும் அவர் மகள் வயதுதான் இருக்கும்.

"அழறது அப்புறம். மொதல்ல அத எடு."

எடுத்தான். 'பதில் இல்லை, வேறு வண்டி பாருங்கள்' என்று சிவப்பில் காட்டும்படி மாற்றினான். மாற்ற எடுத்துக்கொண்டது ஒரு டீ குடிக்கிற நேரம்தான். அதுதான் நாற்காலிக்காரருக்குத் தாங்கவில்லை.

தங்கையிடம் மறைக்கத்தான் நினைத்தார். ஆனால் ஆஸ்பத்திரியில் எது மறையும்? கட்டில் தள்ளுகிறவர் பேச்சுவாக்கில் தையல்காரர் வந்திருப்பதைச் சொல்ல, அவள் அண்ணனைக் குடைந்து குடைந்து முழுவதையும் கறந்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் எடுக்கப் போனப்ப நான்தான் மணி அடிச்சிருக்கேன்" என்றாள்.

"நேரம் ஆச்சு, அடிச்சே. அதுக்கென்ன பண்ண முடியும்?"

"தினமும் வெளக்கு எரியுதான்னு பாத்தேண்ணா. அது என்ன சொல்லுதுன்னு ஒரு நாளும் பாக்கல."

அவளுக்கு அறுவை சிகிச்சை என்று குறித்திருந்த நாளில், விடிந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தையல்காரர் போய்விட்டார். கீழே அந்த அம்மாளின் அழுகையைக் கேட்டுவிட்டுத்தான் நாற்காலிக்காரர் மாடி ஏறினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனார். தங்கைக்குப் பச்சை அங்கி மாட்டியிருந்தார்கள். அதில் அவள் சின்னப் பெண் மாதிரி இருந்தாள்.

"தையல்காரர் எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. கஞ்சி குடிச்சாராம்."

அவள் அவரையே பார்த்தாள்.

"நீயும் எனக்கு மேடைல காட்டற மாதிரி காட்டறியாண்ணா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு அது போதும். கண்ணோரம் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. ஊசி மாட்டியிருந்தது. அவர்தான் தன் துண்டால் ஒற்றினார்.

கட்டில் தள்ளுகிறவர் வந்து நின்றார். "ஒரு நிமிஷம்பா" என்று அவரை நிறுத்திவிட்டு, அவள் அண்ணன் கையைப் பிடித்தாள்.

"அடுத்த மாசம் நடக்கும்ல, அதுக்கும் நாற்காலி நீதானே போடுவே?"

"நீ எந்திரிச்சு வந்து மணி அடி. நான் போடாம எங்க போறேன்?"

"இந்தத் தடவ வண்டியப் பாக்கப் போவாதே. முன்வரிசைல உக்காரு. ஒவ்வொரு அணியும் காட்டி முடிச்சதும், பரிசு கிரிசு பேசறதுக்கு முன்னாடி, நீ எந்திரிச்சு ஒண்ணே ஒண்ணு கேக்கணும். 'இதுல எது நெசம், எது சும்மா காட்டறதுக்கு வச்சது?' பதில் சொல்ற வரைக்கும் விடாதே. சும்மா வச்சத அங்கயே, மேடையிலயே எடுக்கச் சொல்லு. மணி அடிச்சாச்சுன்னு யாராவது சொன்னா, அக்காதான் சொன்னான்னு சொல்லு."

"நானா? எனக்கு அங்க என்ன மரியாதை இருக்கு? கூட நடத்தறவங்க இருக்காங்கல்ல?"

"அவங்கல்லாம் நாகரிகமானவங்க. பாவம், பிள்ளைங்க மனசு நோகுமேன்னு கேக்க மாட்டாங்க. நீதான் முரடு."

"சிரிப்பாங்க பாப்பா" என்றார். அவளைப் பாப்பா என்று கூப்பிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

"சிரிக்கட்டும். அன்னிக்கு நான்தானே சிரிக்க வச்சேன்."

மறந்துவிட்டாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். கட்டில் நகர்ந்தது. அவர் கூடவே நடந்தார். கதவு வரைக்கும்தான் விட்டார்கள். அங்கே அவள் தலையைத் திருப்பி இன்னொன்றும் சொன்னாள். அவள் அவரிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

"உக்காரும்போது நாற்காலியத் தூக்கிப் போடாதேண்ணா. தரையில நல்லாச் சத்தமா இழுத்துப் போட்டு உக்காரு."