கறுப்பு நியூட்ரல்

என் கணவர் றொபேர்ட் ஒரு எலெக்ரீசியன். டென்மார்க்குக்கு வந்த நாளிலிருந்து முப்பத்துமூன்று வருடமாக, யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறார். செய்கிற வேலை பிரெடெரிசியாவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில், பெட்டி மடித்து அடுக்குகிற பகுதியில். அதை வேலை என்று அவர் வாயால் சொன்னதே இல்லை. "பக்ரறிக்குப் போயிட்டு வாறன்" என்பார், ஏதோ சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருகிற மாதிரி.

முழுப்பொய் என்று சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, ஒரு கொந்தராத்துக்காரரிடம் இரண்டு வருடம் வீடுகளுக்கு வயர் இழுத்தவர். பிறகு தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் ஊருக்கே கரண்ட் நின்றுபோனது. கரண்ட் இல்லாத ஊரில் எலெக்ரீசியனுக்கு என்ன வேலை? இங்கே வந்து சான்றிதழை நீட்டினால், முதலில் டேனிஷ் படி, பிறகு நாலு வருடம் பயிலுநராக நின்று புதிதாகத் தொடங்கு என்றார்கள். மனுசனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "படிச்சு முடிச்சவனுக்குத் திரும்ப அரிவரி வகுப்போ?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நாளைக்கு என்று தொழிற்சாலைக்குள் போனவர்தான். இன்னும் அங்கேதான் நிற்கிறார்.

ஆகவே வைலேயில் நாங்கள் வாங்கிய இந்த வீடு ஒன்றுதான் அவர் எலெக்ரீசியனாக இருக்கிற இடம். பத்தொன்பது வருடத்தில் வெளியாள் ஒருவனும் இங்கே ஒரு வயரைத் தொட்டதில்லை. தொட அவர் விட்டதில்லை.

போன பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டைச் சூடாக்குகிற காஸ் பொயிலர் நின்றது. றொபேர்ட் மூடியைக் கழற்றினார், மூக்கை விட்டு மணந்து பார்த்தார், "கொன்ட்ரோல் போட் எரிஞ்சு போச்சு" என்றார். சும்மா சொல்லக்கூடாது, கண்டுபிடித்தது சரிதான். போர்டின் ஒரு மூலை கருகிக் கிடந்தது. இணையத்தில் புதியதற்கு ஓடர் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது.

குளிர் என்றால் எங்களுக்கு மட்டும் இல்லை. நான், தேவமலர், வீட்டிலேயே வைத்துக் கைக்குழந்தைகளைப் பார்க்கிற வேலை செய்கிறவள். கொமூன, அதாவது நகரசபை, எனக்குச் சம்பளம் தந்து நாலு பிள்ளைகளை அனுப்புகிறது. காலை ஏழு மணிக்கு வந்துவிடுவார்கள். இந்த நாட்டுச் சனம் ஒரு தினுசு. மைனஸ் மூன்றில் பிள்ளையைத் தள்ளுவண்டிக்குள் போட்டு வெளியே நித்திரை கொள்ள விடும். வீட்டுக்குள்ளே பதினைந்து பாகை என்றால் முகத்தைச் சுளிக்கும். நான் இரண்டு மின்சார ஹீற்றரைப் பிள்ளைகளின் அறையில் வைத்து, அதுகளுக்குப் பனி உடுப்பைப் போட்டுத் தரையில் விளையாட விட்டேன். நாலும் நாலு பஞ்சுமூட்டை மாதிரி உருண்டுகொண்டு திரிந்தன.

செவ்வாய் பின்னேரம் றொபேர்ட் புதுப் போர்டைப் பூட்டினார். பொயிலர் "டிக் டிக்" என்றது, பிடித்தது, எரிந்தது. "பார்!" என்று என் பக்கம் திரும்பினார். ஐந்து விநாடி. அணைந்தது. திரும்பப் பிடித்தது, அணைந்தது. மூன்றாம் தரத்தோடு சிவப்பு வெளிச்சம் வந்துவிட்டது.

"புதுப் போட் எல்லோ. செற் ஆகக் கொஞ்சம் எடுக்கும்" என்றார்.

என்ன கோதாரிச் செற்றோ! அது என்ன, புது மருமகளா?

புதன்கிழமை கொமூனவிலிருந்து ஸ்ரெபானி வந்தாள். என் வேலையை மேற்பார்வை செய்கிறவள். நல்ல பிள்ளை, ஆனால் சட்டம் சட்டம்தான் அவளுக்கு. சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தாள், பிள்ளைகளின் உடுப்பைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை காலை திரும்ப வருவேன், இருபது பாகை இல்லாவிட்டால் நாலு பேரையும் வேறு வீடுகளுக்குப் பிரித்து விடவேண்டிவரும் என்று மெதுவாகச் சொன்னாள். பிரித்தால் முடிந்தது கதை. போன பிள்ளைகள் புது வீட்டில் ஒட்டிவிடும், தாய் தகப்பன் திருப்பி அனுப்பாது. எனக்கு ஐம்பத்துநாலு வயது. இந்த வேலை போனால் இன்னொன்று யார் தரப்போகிறார்கள்?

அன்று பின்னேரம் நான் சண்டை பிடித்தேன்.

"இஞ்சாருங்கோ, ஒரு ஆளைக் கூப்பிடுவம்."

"ஆளோ? அப்ப நான் ஆர்?"

"நாளையிண்டைக்கு அவள் வாறாள். என்ர வேலை போகப்போகுது."

"அவன் வந்து, இதை ஆர் திறந்ததெண்டு கேட்பான். என்ன சொல்லப்போறாய்?"

கேள்வி சரிதான். உரிமம் உள்ளவன் தவிர வேறு ஆள் பொயிலருக்குள் கை வைக்கக்கூடாது. இது கொமூனவின் காதுக்குப் போனால், குளிர் பரவாயில்லை, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இப்படியா என்று என்னை ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள். ஆளைக் கூப்பிட்டாலும் வேலை போகும், கூப்பிடாவிட்டாலும் போகும். என் சொந்த வீட்டுக்குள், போர்வையைச் சுற்றிக்கொண்டு, அசைய இடமில்லாமல் நின்றேன். இந்த மனுசனைக் கட்டின நாளை நினைத்து அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

வியாழக்கிழமை மதியம் நாலு பிள்ளைகளும் வெளியே தள்ளுவண்டிகளில் நித்திரை. போர்டோடு வந்த கையேடு, பிரிக்காமல், பொயிலரின் மேல் கிடந்தது. றொபேர்ட் டேனிஷில் எதையும் வாசிப்பதில்லை. படத்தைப் பார்த்தால் போதும் என்பார். நான் பிள்ளைகளுக்குப் படக்கதை வாசித்து வாசித்தே டேனிஷ் பழகியவள். எடுத்து விரித்தேன். பிழைகள் என்ற பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: சுவாலை பிடித்துச் சில விநாடிகளில் அணைந்தால், கரண்ட் வருகிற லைவ் வயரும் அது திரும்பிப் போகிற நியூட்ரல் வயரும் மாறியிருக்கலாம். கீழே படம். கறுப்பு லைவ். நீலம் நியூட்ரல்.

மூடி இல்லாத பொயிலருக்குள் எட்டிப் பார்த்தேன். நியூட்ரல் என்கிற இடத்தில் கறுப்பு வயர்.

கலியாணம் முடித்த புதிதில் எனக்கு அவர் சொல்லித்தந்தது அதைத்தான். "சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவன்." யாழ்ப்பாணத்தில் அது சரி. இங்கே சிவப்பு இல்லை. கறுப்பைக் கண்டவுடன் கை தானாக நியூட்ரலுக்குப் போயிருக்கிறது. மிச்சம் இருந்த நீலத்தை லைவ் ஆக்கிவிட்டார்.

சொல்லலாம். ஒரு வசனம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அவரிடம் இருப்பது அது ஒன்றுதானே. பெட்டி மடிக்கிற மனுசனிடம் போய், நீங்கள் எலெக்ரீசியனும் இல்லை என்று நானா சொல்வது? எனக்கு அவ்வளவு கோபத்திலும் பாவமாக இருந்தது.

மெயின் சுவிட்சை நிறுத்தினேன். ஸ்குரூடிரைவரால் இரண்டு வயரையும் கழற்றி மாற்றிப் பூட்டினேன். சுவிட்சைப் போட்டேன். பொயிலர் பிடித்தது, எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. கையேட்டை என் துணி அலுமாரிக்குள் ஒளித்தேன்.

நாலு மணிக்கு வந்தவர் சப்பாத்தோடே ஓடிப்போய் ரேடியேற்றரைத் தொட்டுப் பார்த்தார்.

"பாத்தியா! நான் சொன்னனான் எல்லோ, செற் ஆகக் கொஞ்சம் எடுக்குமெண்டு!"

"ஓம், சொன்னனீங்கள்" என்றேன்.

அன்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார். பாத்திரம் கழுவினார், தானாக! இப்படிச் சிரித்து எத்தனை வருடம். மறுநாள் காலை ஸ்ரெபானி இருபத்தொரு பாகையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள். வேலை தப்பியது, புருஷனும் தப்பினார், எனக்கு ஒரு சின்னப் பொய்தான் செலவு என்று நினைத்தேன், விசரி, பைத்தியக்காரி.

வெள்ளி பின்னேரம் றொபேர்ட் குறடும் ஸ்குரூடிரைவரும் இருக்கிற தன் ஆயுதப் பையைக் கதவடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கை வெளிக்கிடுறியள்?"

"நாளைக்குக் காலமை அமலராணி அக்கா வீட்டை. அவவின்ர பொயிலரும் நிண்டு நிண்டு எரியுதாம். சேர்ச் ஆக்களுக்குப் போன் பண்ணி, நான் போட் மாத்தினதைச் சொன்னனான். உடன அவ கேட்டவ. பேரப்பிள்ளையளும் அங்கதான் நிக்கினமாம், பாவம், குளிருக்குள்ள."

அமலராணி அக்கா புருஷனை இழந்தவ, எங்கள் சபைக்காரி. அந்த வீட்டில் இவர் கறுப்பை எங்கே பூட்டுவார்? வியாழக்கிழமை நான் செய்த மாதிரி, அங்கே மாற்றிவிட யார் இருக்கிறார்கள்? இரக்கப்பட்டு நான் செய்தது, என் கழுத்தைத் தாண்டி இன்னொருத்தியின் கழுத்துக்குப் போய்விட்டது.

"நீங்கள் போகேலாது" என்றேன்.

"ஏன்?"

"கறுப்பு நியூட்ரல் இல்லை."

சிரித்தார். "விசரே உனக்கு?"

அலுமாரியிலிருந்து கையேட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தேன். தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். "எங்கட பொயிலர் செற் ஆகேல்லை. வியாழக்கிழமை நான்தான் வயரை மாத்தினனான்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மேலே தொங்கிய விளக்கைப் பார்த்தார். பிறகு நடையில் இருந்த விளக்கை. பிறகு பிள்ளைகளின் அறைப் பக்கம் திரும்பி அப்படியே நின்றார்.

"இந்த வீட்டில பத்தொன்பது வருசம், எல்லாத்துக்கும் நான் கறுப்பைத்தான் நியூட்ரலாப் போட்டனான்" என்றார்.

"எல்லாம் எரியுதுதானே?"

"விளக்குக்கு எந்தப் பக்கமெண்டாலும் எரியும். ஆனா சுவிட்சை நிப்பாட்டினாலும் உள்ளுக்குக் கரண்ட் நிக்கும்." அறையைக் கையால் காட்டினார். "அந்தப் பிள்ளையளின்ர அறைச் சுவர் லாம்பு, தேவி. அதுகள் கை வைக்கிற உயரத்தில."

அவர் நேரே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். வீடு இருண்டது, பொயிலரின் சத்தமும் நின்றது. பையைத் திறந்து டோர்ச்சை எடுத்துக்கொண்டு தானே தொடங்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். போனை எடுத்தார். உரிமம் உள்ள எலெக்ரீசியன் ஒருவரின் நம்பரைத் தேடித்தரச் சொன்னார். என் வேலை போனாலும் போகட்டும் என்று நானும் தேடிக் கொடுத்தேன்.

தன் உடைந்த டேனிஷில், வயர் பிழை, வீடு முழுக்க, சின்னப் பிள்ளைகள் வருகிற வீடு, என்றார். வயரிங் செய்தது யார் என்று மற்றப்பக்கத்தில் இருந்தவன் கேட்டான். நான் என்றார். நீங்கள் எலெக்ரீசியனா என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது.

நான் கதைக்கிறேன் என்று கையை நீட்டினேன். போனைத் தரவில்லை.

"இல்லை" என்றார், டேனிஷில், ஒரே சொல்லில். பிறகு எங்கள் தெருவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லத் தொடங்கினார்.