சாரலில் நடந்த நிச்சயம்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே என் அக்காவுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டோடு அல்ல, ஒரு காலேஜோடு. படிக்கிற பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சை எடுத்து வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறவர் அப்பா. இதற்கு மட்டும் உடனே தலையாட்டிவிட்டார்.

குற்றாலத்தில் சீசன் என்றால் இலஞ்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்திலும் சாரல் ஓயாது. அக்கா உதைக்கும் பந்து அந்தச் சாரலின் வெள்ளைக்குள் போய் மறையும். நாங்கள் அதை மறந்த பிறகு எங்கேயோ விழும். அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிய ஒரு வெளியூர் ஃபுட்பால் கோச் அதைப் பார்த்துவிட்டு, கழுத்தில் ஈரத் துண்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“பிளஸ் டூ முடிச்சதும் எங்க காலேஜுக்கு அனுப்பிடுங்க. சீட்டு, ஹாஸ்டல் எல்லாம் ஃப்ரீ. வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க.”

இப்படி வந்து கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தார். தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து நீட்டினார். கோச் நெளிந்துகொண்டே வாங்கிக்கொண்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அக்கா இன்னொரு வீட்டுப் பொருள் ஆகிவிட்டாள். தினமும் அவளுக்கு அவித்த முட்டை. எனக்கு இல்லை. பொறாமையில் வெந்துபோனேன். செங்கோட்டையில் டோர்னமென்ட் என்று கூப்பிட்டார்கள், அப்பா விடவில்லை.

“கால்ல அடிபட்டா நாளைக்கு அவியளுக்கு என்ன பதில் சொல்ல?”

தென்னந்தோப்பில் தனியாக ஓடலாம், அவ்வளவுதான். மறுவருடம் வேறொரு காலேஜிலிருந்து ஓர் அம்மா தேடி வந்தார். “பேசி முடிச்சாச்சும்மா” என்று அப்பா பெருமையாகக் கைகூப்பி அனுப்பிவைத்தார். ஓடி முடித்து ஈரத் தலையோடு என் பக்கத்தில் வந்து உட்காரும் அக்கா, போகப்போகிற காலேஜைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அது மலைக்கு மேலே, மேகத்துக்குள் இருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன்.

பிளஸ் டூ முடிந்ததும் அப்பா போன் செய்தார். அந்த கோச் வேலையை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. புதியவருக்கு எங்கள் வெற்றிலைத் தட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. செலக்‌ஷனில் எல்லோரோடும் ஆடிக்காட்டட்டும் என்றார். அக்காவை அழைத்துப் போய்விட்டுத் திரும்பிய அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“ஓட்டம் நல்லாத்தான் இருக்காம். ஆட்டந்தான் இல்லையாம்.”

தேடி வந்த அந்த அம்மாவின் காலேஜிலும் இடம் நிரம்பிவிட்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் அக்கா என்னை மைதானத்துக்கு இழுத்துப் போனாள். அவள் தள்ளிவிட்ட பந்தை நான் ஓங்கி உதைத்தேன். அது சாரலுக்குள் போய் மறைந்தது. விழும் சத்தம் கேட்கிறவரை அக்கா அசையவில்லை. பிறகு குனிந்து என் தோளைப் பிடித்தாள்.

“ஏட்டி, யாரு வந்து பேரு கேட்டாலும் சொல்லாத. முட்ட வாங்கித் தாரேன்னாலும் போயிராத, என்ன?”

பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்து, பயந்துபோய்த் தலையாட்டினேன்.