நாற்பது வரிசை

அன்று காலை அம்மா எனக்காக நூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். உல்லன் நூல் சிட்டமாகத்தான் (பெரிய வளையமாகச் சுற்றிய கட்டு) கிடைக்கும். அதை உருண்டையாகச் சுற்ற வேண்டுமானால், எதிரே ஒருவர் இரு கைகளையும் நீட்டி அதை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பாதி சுற்றியபோது அம்மாவின் வலக்கை மெல்லத் தாழ்ந்தது. நூல் தொய்ந்து சிக்கிக்கொண்டது. "நல்லாப் புடிங்கம்மா" என்றேன். கை உயர்ந்து, மறுபடியும் தாழ்ந்தது. மறுபடியும் கடிந்துகொண்டேன். மூன்றாம் முறை நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவருடைய வாயின் வலப்பக்கம் கீழே இறங்கியிருப்பதைக் கண்டேன்.

இவற்றுக்கிடையே இரண்டு நிமிடங்கள் கழிந்திருக்கலாம். அந்த இரண்டு நிமிடங்களால் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவர் பிறகு சொன்னார். அதை நம்புகிறேன். ஆயினும் நோய் வந்த நேரத்தில் அம்மா கடைசியாகக் கேட்டது என் கடுஞ்சொல்லைத்தான்.

அது பக்கவாதம் (மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டு, உடலின் ஒரு பாதி செயலிழப்பது). வலக்கையும் வலக்காலும் போயின. அவற்றோடு பேச்சும் போயிற்று. இதற்கு அஃபேசியா என்று பெயர் (சொற்கள் மனத்தில் இருந்தும் நாவுக்கு வராத நிலை). இடப்பக்கம் நன்றாக இருந்தது. அந்தப் பக்கம் உணர்ச்சி குறையவில்லை என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

பத்தாம் நாள் அம்மாவை மருத்துவமனையிலிருந்து கணபதிப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அப்பா பம்ப்செட் தொழிற்கூடம் ஒன்றில் ஃபிட்டர். அவருக்கு மேற்கொண்டு விடுப்பு இல்லை. நான் முதுகலை இறுதியாண்டில் இருந்தேன். வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மருத்துவர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லி அனுப்பினார்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும் (ஒரே இடம் நெடுநேரம் அழுந்துவதால் தோலும் சதையும் அழுகி உண்டாகும் புண்). அம்மாவின் இடக்கைக்கு எட்டும்படி ஒரு எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் வைத்தோம். வேண்டியபோது தட்டுவார்.

முதல் வாரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அது முன்னறையில் இருந்தது. பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை எழுந்து போய்ப் பார்ப்பேன். நேரம் நகராது. எட்டாம் நாள் பின்னல் ஊசிகளை மறுபடி எடுத்தேன். கோத்தகிரியிலிருந்து வந்து படித்த ஒரு வகுப்புத் தோழி கற்றுத் தந்த வித்தை அது. எங்கள் ஊர் வெயிலில் யாரும் கம்பளி அணிவதில்லை. கிணத்துக்கடவிலிருந்து வந்திருந்த என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஊசிகளைப் பார்த்துவிட்டு, "ஏனம்மணி, ஸ்வெட்டரு யாருக்கு? மாட்டுக்கா?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்பதே உண்மையான பதில். எண்ணிக்கொண்டிருக்கும்போது என் மனம் வேறெங்கும் போவதில்லை. அதற்காகத்தான் பின்னினேன்.

நான் உதடசைத்து எண்ணுவேன். உடம்பு நன்றாயிருந்த காலத்தில், அப்பா அப்போது ஏதாவது பேச வந்தால் அம்மா கையுயர்த்தித் தடுப்பார். "எண்ணறா, செத்த சும்மா இருங்க" என்பார். பின்னலில் பாதியில் எண்ணிக்கை தவறினால் வரிசை முழுவதையும் பிரிக்க நேரும் என்பது அவருக்குத் தெரியும்.

எண்பது கண்ணிகள் (ஊசியில் ஏறும் நூல் வளையங்கள்) கொண்ட ஒரு வரிசையைப் பின்ன எனக்கு மூன்று நிமிடங்கள் ஆகும். நாற்பது வரிசைகள் என்றால் இரண்டு மணி நேரம். கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். அதன்பின் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். நாற்பது வரிசை, திருப்புதல், மறுபடி நாற்பது. ஒரு மாதம் அது பிசகாமல் நடந்தது. அப்பாவும் அந்தக் கணக்கைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

பிறகு வேறொரு வேலைப்பாட்டைத் தொடங்கினேன். சல்லடைபோல் துளைகள் விழும் ஒரு சால்வை. கண்ணிகள் நூற்றிருபது. சில இடங்களில் இரண்டை ஒன்றாக்கி, அடுத்த இடத்தில் நூலைச் சுற்றிப் புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டும். ஒரு வரிசைக்கு ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. ஆனால் நாற்பது என்ற எண்ணை நான் மாற்றவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் எனக்கு எளிதாயிருக்கும். ஆனால் மதியம் ஒரு மணிக்கு நான் அம்மாவை இடப்புறமாகத் திருப்பிப் படுக்கவைப்பேன். அந்தப் பக்கம் ஒருக்களித்தால்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் என்னை அவரால் பார்க்க முடியும். மூன்றரைக்கு அருகிலிருந்த மில்லின் சங்கு ஊதும். மூன்று மணிக்கே அவரைத் திருப்பியிருக்க வேண்டும். சங்கு ஊதும்போது நான் இருபத்தெட்டாவது வரிசையில் இருப்பேன். அது எனக்குக் கேட்டது. இந்த வேலைப்பாடு முடியட்டும் என்று நினைத்துக்கொண்டேன். இப்படி ஏறத்தாழ மூன்று வாரம் நடந்தது. டம்ளர் ஒலிக்கவில்லை. எனவே அம்மாவுக்கு வலியில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

தேர்வுக்காக இரண்டு நாள் நான் வெளியே செல்ல வேண்டியிருந்தது. துணைக்கு அத்தை வந்தார். அவருக்குக் காது மந்தம். இரண்டாம் நாள் அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிடும்போது, இடது இடுப்பெலும்பின்மேல் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் கருத்திருப்பதை அவர்தான் முதலில் கண்டார். அதற்கடுத்த நாள் தோல் விண்டது.

மருத்துவர் பார்த்துவிட்டு, "தோல்ல தெரியறதுக்கு முன்னாடியே உள்ளே ஆரம்பிச்சிருக்கும்" என்றார். பிறகு, "இடப்பக்கம் உணர்ச்சி இருக்கே, நல்லா வலிச்சிருக்குமே. கூப்பிடலையா? ரெண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பறீங்கதானே?" என்று கேட்டார்.

"எம்பொண்ணு எண்ணி எண்ணித் திருப்பறாளுங்க டாக்டர்" என்றார் அப்பா.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பியதும் அப்பா அத்தையிடம் பேசிய முறையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. குரல் உயரவில்லை, மரியாதையும் குறையவில்லை. "டம்ளர் சத்தங்கூடக் கேக்காதவங்களை நம்பி உட்டுப்போட்டுப் போனது என் தப்புதானுங்கக்கா." அதை மட்டும் அத்தை தெளிவாகக் கேட்டார். பையை எடுத்துக்கொண்டு, தம் ஊர் வழியாகப் போகும் பொள்ளாச்சி பஸ் பிடிக்கப் போய்விட்டார். நான் அடுக்களையில் நின்றிருந்தேன். நான்கு சொற்கள் போதுமாயிருந்தன. ஒன்றும் சொல்லவில்லை.

புண் ஆற மூன்று மாதங்களுக்கு மேல் ஆயிற்று. மருத்துவர் இறந்த சதையை வெட்டி எடுத்தார். நாள்தோறும் இருமுறை சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) கொண்டு கழுவி, துணி அடைத்துக் கட்டினேன். இதை வாசிக்கும் உங்களில் யாரேனும் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். புண் ஆழத்திலிருந்து மேலே வர வேண்டும், மேலே முதலில் மூடினால் உள்ளே சீழ் தங்கும். அவசரப்படாதீர்கள். நான் ஊசிகளை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். அதனால் அம்மா ஒரு நாள்கூட முன்னதாகக் குணமாகவில்லை.

பேச்சுப் பயிற்சியில் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முதலில் 'தண்ணி', பிறகு என் பெயர், பிறகு சினம் வந்தால் சொல்லும் 'போ'. ஒருநாள் காலை கட்டுப் போட்டுக்கொண்டே, பதிலை எதிர்பாராமல் கேட்டேன்: "வலிச்சப்போ ஏம்மா தட்டலீங்க?"

அவர் வெகுநேரம் சொற்களைத் தேடினார்.

"எண்ணீட்டு... இருந்தே" என்றார்.

மறுநாள் அப்பாவுக்கு வார விடுமுறை. அம்மாவை அவரிடம் விட்டுவிட்டு கிணத்துக்கடவுக்குப் போனேன். அத்தை களத்தில் கொப்பரை காயவைத்துக்கொண்டிருந்தார். வேலைக்கு வந்த பெண்கள் இருவர் பக்கத்தில் சிரட்டை பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"ஏனம்மணி வாய்க்குள்ளயே பேசறே? சத்தமாச் சொல்லு."

வகுப்பில் எழுந்து பதில் சொல்லவே கூசுகிறவள் நான். "புண்ணு உங்களால வரலீங்கத்தை, என்னாலதானுங்க வந்துச்சு" என்று களம் முழுவதும் கேட்கும்படி கத்தினேன். சிரட்டை பெயர்க்கும் ஓசை நின்றது.

அத்தை கொப்பரைகளைத் திருப்பிப் போடுவதை நிறுத்தவில்லை. "அது எனக்குத் தெரியாதாக்கும்? காது கேக்காதுன்னுதான ரெண்டு நாளும் உங்கம்மா மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். கண்ணு தெரியுமல்லோ. உங்கொப்பங்கிட்டச் சொன்னயா?"

"இல்லீங்க."

"அப்ப பஸ்ஸு மாறி ஏறி வந்துட்டே, போ" என்றார். நான் திரும்பி நடந்தபோது, "எளநி குடிச்சுப்போட்டுப் போ" என்றும் சொன்னார். அதில் மன்னிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. குடித்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். சங்கு கேட்டதையும் மறைக்கவில்லை. அவர் எழுந்து, முன்னறைக் கடிகாரத்தைக் கழற்றி வந்து அம்மாவின் கட்டிலுக்கு எதிரே ஆணியடித்து மாட்டினார். அடுத்த விடுமுறையன்று தனியாகக் கிணத்துக்கடவுக்குப் போனார்.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் வேறெதையும் விரும்பக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்போது மறுபடியும் பின்னுகிறேன். அதே சால்வைதான். எண்ணும்போது கூப்பிடலாம், கூப்பிட வேண்டும் என்று அம்மாவிடம் பல முறை சொன்னேன். தலையசைப்பார். ஆனால் என் உதடுகள் அசையக் கண்டால் அவருடைய இடக்கை கரண்டியின்மேல் அப்படியே நின்றுவிடும். அதைக் கவனித்த நாள் முதல் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

தழும்பு இப்போது எட்டணா அளவில் இருக்கிறது. அந்தத் தோல் இனி பழைய வலுவைப் பெறாது என்றார் மருத்துவர். என் உடலும் முன்போல இல்லை. ஒரே பக்கம் சற்று நேரம் சாய்ந்திருந்தால், என் இடது இடுப்பு எனக்குத் தெரியத் தொடங்குகிறது.

சென்ற வாரம் ஒரு மதியம் அறுபத்து மூன்றாவது கண்ணியில் இருந்தேன். டம்ளர் ஒலித்தது. கடிகாரத்தில் ஐம்பது நிமிடங்கள்தான் ஆகியிருந்தன.

"திருப்பு" என்றார் அம்மா.

ஊசியை அப்படியே கீழே வைத்தேன். ஏழெட்டுக் கண்ணிகள் உருவிக்கொண்டன. எண்ணிக்கையை விட்டுவிட்டு எழுந்தேன்.