அத்தைக்குப் பின்னால் நின்ற இடம்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, கோடை விடுமுறையில் அத்தை தினமும் என்னைக் காரைக்குடிக்குக் கூட்டிப் போனாள். அப்பாவின் ஒரே தங்கை. டைப்ரைட்டிங் பரீட்சை தேறினால் சிவகங்கையில் ஆபீஸ் வேலைக்குப் போகலாம் என்று அப்பாவிடம் ஒரு மாதம் கெஞ்சி அங்கே வகுப்பில் சேர்ந்திருந்தாள். வகுப்பில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் நான் இல்லாமல் கிளம்ப மாட்டாள். வீட்டில் இத்தனை பிள்ளைகள் இருக்க என்னைத்தானே கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் ஊர் நேமத்தான்பட்டியில் ஏறும்போதே பேருந்தில் கால் வைக்க இடமிருக்காது. அத்தை என்னைத் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொள்வாள்.

"ஒட்டி நில்லு. யாரு கூப்பிட்டாலும் நகராத."

வழி நெடுக நான் பார்த்ததெல்லாம் அவளுடைய பின்னல் நுனியைத்தான்.

ஒருநாள் சன்னலோரம் இருந்த ஒருவர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. "பாப்பா, இங்குட்டு வந்து உக்காரு," என்றார். பெரிய மனிதர் ஒருவர் எனக்காக எழுந்தது அதுதான் முதல் தடவை. போய் உட்கார்ந்துவிட்டேன். நான் நின்ற இடத்தில் அவர் நின்றுகொண்டார்.

கண்மாய் வந்தது, ஆடுகள் வந்தன. திரும்பி அத்தைக்குக் கையாட்டினேன். அவள் கம்பியை விட்டுவிட்டுப் பையை இரண்டு கையாலும் முதுகுப்பக்கம் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கண்டக்டரிடம் சொல்லி வண்டியை நிறுத்தி, என்னை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். காரைக்குடிக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது.

வெயிலில் நடந்தோம். அந்த மாமா ரொம்ப நல்லவுக என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏன்டி நகந்த?"

அந்த நெரிசலில் அவளுக்கு இருந்த ஒரே காவல் நான்தான் என்பது, தாவணி போட்டுக்கொண்டு நானே அந்தப் பேருந்தில் நிற்கும் காலம் வரை எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அத்தோடு விட்டேனா? பாதி வழியில் இறக்கி நடக்க வைத்ததாகச் சாயங்காலம் அப்பாவிடம் கோள் சொன்னேன். அவர் காரணம் கேட்டார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு, "தல சுத்துச்சுண்ணே," என்றாள்.

அப்பா தங்கைமேல் உயிரையே வைத்திருந்தவர். பதறிப்போனார். "தல சுத்துற புள்ள பஸ்ஸுல போக வேணாம்மா. படிச்சது போதும்," என்றார். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அத்தை உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார்.

எனக்கு அழுகை வந்தது. கொல்லைக்கு ஓடி ஒரு எலுமிச்சம்பழம் பறித்து வந்து அவள் கையில் வைத்தேன்.

"இத மோந்துக்கிட்டே போனா தல சுத்தாது அத்தை. நாளைக்கும் போவோம். நான் சன்னலோரமே உக்காந்துக்கிறேன். ஒங்களுக்கு எடஞ்சலாப் பின்னாடி நிக்க மாட்டேன்."

அத்தை பழத்தை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்து, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.