ஸ்பானிஷில் யதுஷா அமைதியான பிள்ளை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டாஞ்சேனையில் என் தங்கை மாலினி வீட்டில் மதியச் சாப்பாடு. மேசையில் சோறு, இறால் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல்... நடுவில் தண்ணீர்ப் போத்தலில் சாத்தி வைத்த ஃபோன்.

ஃபோனுக்குள் யதுஷா. மாலினியின் ஒரே மகள். ஸ்பெயினில் வலென்சியா என்ற நகரத்தில் நீர் முகாமைத்துவம் படிக்கப் போய் மூன்று மாதம் ஆகிறது. நமக்கு மதியச் சாப்பாடு என்றால் அவளுக்குக் காலைக் கோப்பி. ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். நாங்கள் சாப்பிடுவோம், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்சம் கொடுமைதான். என்ன செய்வது?

அன்றைக்கு அவளுடைய அறைத்தோழி லூசியா பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். சுருட்டை முடி, பெரிய சிரிப்பு. தாதிப் படிப்புப் படிக்கிற பிள்ளை. எங்களுக்குக் கை காட்டினாள். பிறகு யதுஷாவின் தோளில் கை போட்டு ஏதோ சொன்னாள்.

"மூய் கயாதா!"

எங்களுக்கு விளங்கவில்லை என்று கண்டதும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள் – "வெரி குவைட்! வெரி, வெரி குவைட் கேர்ள்!"

மாலினி கையில் சோற்றோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா... இவ ஆரைப் பற்றிக் கதைக்கிறா?"

நியாயமான கேள்வி. யதுஷாவைத் தெரிந்த எவரும் அதைத்தான் கேட்பார்கள். முச்சக்கர வண்டியில் ஏறினால் இறங்குவதற்குள் டிரைவரின் மாமியார் வரைக்கும் விசாரித்துவிடுகிற பிள்ளை அவள். தமிழில் தொடங்கி சிங்களத்தில் திரும்பி ஆங்கிலத்தில் முடிப்பாள். கல்யாண வீட்டில் சிரிப்புச் சத்தம் எந்த மூலையில் கேட்கிறதோ அங்கே போனால் யதுஷா நடுவில் நிற்பாள். அவளா அமைதி?

யதுஷா ஒரு மாதிரிச் சிரித்தாள். "சும்மா சொல்லுறாம்மா. நான் பிறகு எடுக்கிறன்."

ஃபோன் இருண்டது.

"என்ர பிள்ளை அமைதியாம்!" மாலினி சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"புது இடம்தானே... கொஞ்சம் பொறு" என்றேன்.

"புது இடமோ? பிறந்த அண்டைக்கே ஆஸ்பத்திரி வார்ட்டையே எழுப்பினவள். அதைவிடப் புது இடம் இருக்கோ? அவளுக்கு என்னவோ நடந்திருக்கு அக்கா."

அவள் கணவர் ரஞ்சனும் மேசையில் இருந்தார். ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற மனிதர். ஆணி கேட்டால் ஆணி தருவார், அதற்கு மேல் ஒரு சொல் தரமாட்டார். அன்றைக்கு அவரும் இரண்டாம் முறை சோறு போடவில்லை. அதைக் கவனித்தேன்.

வெள்ளவத்தையில் என் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் யதுஷாவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன் – நேரமுள்ளபோது எடு. புதன்கிழமை பின்னேரம் எடுத்தாள். நடந்துகொண்டே கதைத்தாள். இரண்டு பக்கமும் ஆரஞ்சு மரங்கள்.

"எங்க பிள்ளை நிக்கிறாய்?"

"ஆத்துக்குள்ள பெரியம்மா."

"என்ன?!"

"பயப்பிடாதேங்கோ. முந்தி ஊருக்கு நடுவால ஓடின ஆறு. வெள்ளம் வந்து அழிச்சதில ஆத்தை வேற பக்கம் திருப்பிப்போட்டு, இதுக்குள்ள பார்க் கட்டி வச்சிருக்கினம். தண்ணியைப் பற்றிப் படிக்க வந்து, தண்ணி இல்லாத ஆத்துக்குள்ள நடந்து திரியிறன். என்ர யோகம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதே யதுஷாதான் என்று நினைத்தேன்.

ஃபோனைப் பார்த்தால்... அழுகிறாள்.

"பெரியம்மா, இந்த மூண்டு மாசத்தில என்ர பகிடிக்கு ஒரு ஆள் சிரிச்சது இப்பதான்."

நடைபாதையோரத்து வாங்கில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ஆனால் வாழ்க்கை ஸ்பானிஷில் நடக்கிறது. வகுப்பு முடிந்து கோப்பி குடிக்கப் போனால், முதல் ஐந்து நிமிடம் அவளுக்காக எல்லோரும் ஆங்கிலத்தில் கதைப்பார்கள். பிறகு யாரோ ஒருவர் ஸ்பானிஷுக்குத் தாவ, மற்றவர்களும் பின்னால் போய்விடுவார்கள். வேண்டுமென்று இல்லை. நாங்கள் செய்யமாட்டோமா?

"நானும் சிரிப்பன் பெரியம்மா. அவை சிரிக்கிறதைப் பாத்திட்டு, ஒரு செக்கண்ட் பிந்திச் சிரிப்பன். எனக்கும் பகிடி வரும். அதை மனசுக்குள்ள ஸ்பானிஷில அடுக்கி, வினைச்சொல்லைத் திருத்தி, வாயைத் திறக்கேக்குள்ள... அவை ரெண்டு கதை தாண்டிப் போயிடுவினம். பிறகு என்னத்தைச் சொல்லுறது?"

"பழகப் பழகச் சரி வரும்" என்றேன். எவ்வளவு வெறுமையான வார்த்தை!

"பஸ்ஸில போனா இஞ்சத்தைய உள்ளூர்ப் பாஷையிலயும் அறிவிப்பு வருது. ஸ்பானிஷே இன்னும் பிடிபடேல்ல, அதுக்குள்ள இன்னொண்டு. இஞ்சயும் ரெண்டு பாஷைப் பிரச்சினைதான்!"

மறுபடியும் சிரிக்க வைத்துவிட்டாள். பிறகு மீன்கடைக் கதையைச் சொன்னாள்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்தை. சனிக்கிழமை மீன் வாங்கப் போயிருக்கிறாள். கடைக்கு முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள், வரிசை மட்டும் இல்லை. சரி, நம்மூர் மாதிரித்தான் என்று இவளும் நின்றிருக்கிறாள். ஒவ்வொருவராக வருகிறார்கள். வரும்போதே காற்றில் ஏதோ கேட்கிறார்கள், யாரோ பதில் சொல்கிறார்கள். இவளுக்குப் பிறகு வந்த ஆள் மீனோடு போகிறார். அதற்குப் பிறகு வந்தவரும் போகிறார். இவள் நிற்கிறாள். கடைசியில் மீன் விற்கிற அம்மா இவளைப் பார்த்து வேகமாக எதையோ கேட்க, எல்லாத் தலைகளும் திரும்ப...

"எனக்கு ஒரு சொல்லும் வரேல்ல. ஹலோ கூட வரேல்ல. சிரிச்சுப்போட்டு வந்திட்டன். வெறுங்கையோட. வீட்டை வந்து பாணும் முட்டையும் திண்டனான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள் – "தமிழில நான் ஒரு ஆள். இங்கிலிஷில அரை ஆள். ஸ்பானிஷில நான் ஆரெண்டே எனக்குத் தெரியேல்ல பெரியம்மா. லீவுக்கு வந்தா... திரும்பிப் போகாமல் விடட்டோ?"

எனக்கு உடனே கொள்ளுப்பிட்டி ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அங்கே ஒரு ஒஃபிஸில் வேலைக்குச் சேர்ந்த காலம். சிங்களத்தில் எனக்கு ஒன்று இரண்டு எண்ணத் தெரியும், அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரித்து முடிக்கிற நேரத்தில் நான் சிரிக்கத் தொடங்குவேன். நல்ல மனிதர்கள். தங்கள் பார்சலில் இருந்து எனக்குப் பங்கு தருவார்கள். "மிஸ் ரொம்ப அமைதி" என்று மற்றவர்களுக்கு அறிமுகம் செய்வார்கள். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டி ஏற்றுக்கொள்வேன். வீட்டுக்கு வந்து தனியே இருக்கும்போது, அந்த மேசையில் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் தமிழில் வந்து கொட்டும்!

இதை அவளுக்குச் சொன்னேன்.

"அது எப்ப மாறினது பெரியம்மா?"

யோசித்தேன். தெரியவில்லை. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் நான். சொந்தப் பெறாமகளுக்கு, "அம்மா அப்பாட்ட நீயே சொல்லு பிள்ளை. ஒளிக்காதே" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க ஒரு யோசனை. எத்தனை பேரை நாம் "அமைதியான ஆள்" என்று எழுதி மூடிவிட்டோம்? பிள்ளைகளோடு இருக்க டொரொண்டோவுக்குப் போன அப்பாக்கள்... மலைநாட்டிலிருந்து வந்து காலி வீதித் துணிக்கடையில் நிற்கிற பிள்ளைகள்... அவர்களும் தங்கள் வீட்டு மேசையில் எப்படிப்பட்டவர்களோ? யார் கண்டது?

அடுத்த ஞாயிறு நானும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். யதுஷா சொல்லிவிட்டாள். மீன்கடைக் கதையையும் சொன்னாள், திரும்பி வர நினைப்பதையும் சொன்னாள்.

மாலினி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "வா பிள்ளை. படிச்சது காணும். வீட்டை வா."

யதுஷா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த "வா" அவளுக்கு ஆறுதலாக இருந்ததா, அடியாக விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்போதுதான் ரஞ்சன் ஃபோனைத் தன் பக்கம் திருப்பினார்.

"என்ன மீன் வச்சிருந்தவை?"

"என்னப்பா?"

"அந்தக் கடையில. என்ன மீன்?"

"இஞ்சருங்கோ!" மாலினி பாய்ந்தாள். "பிள்ளை அழுகுது, நீங்கள் மீன் கதை கேக்கிறியள்!"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. யதுஷா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். சாளை மாதிரி ஒன்று. கணவாய். பேர் தெரியாத, நீட்டு, சாம்பல் நிற மீன் ஒன்று...

"கண் எப்பிடி? குழி விழுந்ததோ?"

"நான் கிட்டப் போகேல்லையே அப்பா."

"அப்ப கிட்டப் போய்ப் பார். பாத்திட்டுச் சொல்லு."

அவ்வளவுதான் அவர் சொன்னது. எழும்பிக் கை கழுவப் போய்விட்டார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் யதுஷாவின் முகத்தில் அழுகை நின்றிருந்தது.

பிறகு நடந்ததைப் போன ஞாயிறு அவள் சொல்லக் கேட்டோம்.

முதலில் லூசியாவிடம் போய், சந்தையில் எல்லோரும் காற்றில் என்னதான் கேட்கிறார்கள் என்று விசாரித்திருக்கிறாள். பாதி ஸ்பானிஷ், பாதி ஆங்கிலம், மிச்சம் கை ஜாடை. லூசியா கதிரைகளை எல்லாம் கடைக்கு முன்னால் நிற்கிற ஆட்களாக வைத்து நடித்தே காட்டினாளாம். விசயம் இதுதான்: வருகிறவர் "கடைசி ஆள் யார்?" என்று கேட்க வேண்டும். "நான்" என்று ஒருவர் சொல்வார். அவருக்குப் பிறகு உங்கள் முறை. வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை போனாள். "கியேன் எஸ் லா உல்திமா?" என்று கேட்டாள். தொப்பி போட்ட ஒரு பெரியவர் திரும்பிப் பார்க்காமலே "யோ" என்றார். நான்தான், என்று அர்த்தம். அவ்வளவு லேசு.

முறை வந்தது. மீன்கார அம்மா பெரிய காதணியும் ரப்பர் ஏப்ரனுமாக நின்றாள். எல்லோரையும் "குவாப்பா" என்று கூப்பிடுகிறவள். வடிவான பிள்ளை என்று அர்த்தமாம். கிழவிகளுக்கும் அதே சொல்தான். சாம்பல் நிற மீனை யதுஷா காட்டினாள். அந்த அம்மா அதைத் தூக்கி, இன்றைக்குக் காலைதான் கடலில் இருந்து வந்தது, அப்படி இப்படி என்று புகழத் தொடங்கினாள்.

"நான் குனிஞ்சு கண்ணைப் பாத்தன் அப்பா. குழி விழுந்து, பால் மாதிரி மங்கிப்போய்க் கிடக்கு."

"ஓ..." என்றார் ரஞ்சன். முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"பழசு எண்டு சொல்லச் சொல் வரேல்ல. நாறுது எண்டு சொல்லவும் வரேல்ல. என்னட்ட இருந்தது மீன், நான், களைப்பு... இந்தச் சொல்லுகள்தான். களைப்பா இருக்கு எண்டுறதைத்தான் நான் இஞ்ச முதல் முதல் பாடமாக்கினது. அதுகளை வச்சு ஒரு வசனம் சொன்னன்."

"என்னெண்டு?" என்றார் ரஞ்சன்.

"எஸ்தே பெஸ்காதோ எஸ்தா மாஸ் கன்சாதோ கே யோ."

"தமிழில சொல்லடி!" என்றேன் நான்.

"இந்த மீன் என்னைவிடக் களைச்சுப் போச்சு."

முதலில் தொப்பிப் பெரியவர் சிரித்தார். பிறகு தள்ளுவண்டியோடு நின்ற பெண். பிறகு அந்த மீன்கார அம்மாவே கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாளாம். பக்கத்துக் கடைக்காரருக்கு அதை ஒரு தடவை உரக்கச் சொல்லிக் காட்டி, மறுபடியும் சிரித்தாளாம். அந்த மீனை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, பின்னால் ஐஸுக்குள் இருந்து வேறொன்றைத் தூக்கி, கண்ணைத் திருப்பிக் காட்டி, "இது நல்லா நித்திரை கொண்டது குவாப்பா" என்றிருக்கிறாள்.

"பெரியம்மா..." யதுஷா ஃபோனைக் கிட்டக் கொண்டு வந்தாள். "அவை என்னைப் பாத்துச் சிரிக்கேல்ல. நான் சொன்னதுக்குச் சிரிச்சவை."

ஒரு பாஷை எப்போது நம்முடையதாகிறது? சர்ட்டிஃபிகேட் எடுக்கும்போதா? பிழையில்லாமல் எழுதும்போதா? நான் நினைக்கிறேன்... அதில் ஒரு அந்நியரைச் சிரிக்க வைக்கிற நாளில்தான். அதுவரைக்கும் நாம் அதற்குள் விருந்தாளிகள்.

திரும்பி வருவதைப் பற்றி அன்றைக்கு யதுஷா கதைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நாளைக்கு மறுபடியும் அழலாம். அங்கே எல்லா நாளும் சனிக்கிழமை இல்லை. ஆனால் அந்த மீனைக் குழம்பு வைக்கப் புளி இல்லை, எலுமிச்சம்பழம் போதுமோ என்று கேட்டாள். ரஞ்சன் எப்போதும் இல்லாதமாதிரி விரிவாகப் பதில் சொன்னார்.

மாலினி இவ்வளவு நேரமும் வாயில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். திடீரென்று ஃபோனைப் பிடுங்கினாள்.

"பாவம் அந்த மனுசி! கடை நிறைய ஆக்கள் நிக்கேக்க, அவட முகத்துக்கு நேர அப்பிடிச் சொல்லலாமோ? வாய் கூடிப்போச்சடி உனக்கு!"

என் தங்கை இவ்வளவு சந்தோசமாக யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை.