மக்கர் பண்ணாத மெஷின்

கான் ஹொய் பாலத்தை விட்டு இறங்கியதும் மூன்றாவது சந்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு நத்தர்ஷா கடை என்று பெயர் கிடையாது. பலகையில் வியட்நாமிய எழுத்தில் 'நகல், அச்சு, பைண்டிங்' என்று மட்டும் இருக்கும். சந்துக்காரர்களுக்கு அவர் 'ஓங் ஷா', அதாவது ஷா தாத்தா. அவரை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவருடைய மனைவிதான். கோபம் வந்தால் 'நத்தர்ஷா' என்று நீட்டி முழக்குவாள். அவள் மௌத்தாகி மூன்று வருஷம் ஆகிவிட்டது.

அவள் வியட்நாமியப் பெண். பிறந்தபோது லான், நிக்காஹ் முடிந்ததும் மதார் பீவி. பெயரோடு நிறுத்தாமல் புருஷனுடைய பாஷையையும் கற்றுக்கொண்டாள். சாதாரணமாகப் பேசும்போது தமிழை வியட்நாமிய ராகத்தில் ஏற்றி இறக்குவாள். திட்டும்போது மட்டும் அசல் காரைக்கால் தமிழ் வரும். அவளுக்காகத்தான் நத்தர்ஷா இந்த ஊரில் தங்கினார். எழுபத்தைந்தில் யுத்தம் முடிந்து ஊர் கம்யூனிஸ்டுகளிடம் கைமாறியது. மறுவருஷமே அவருடைய வாப்பா ஜவுளிக்கடையைப் பூட்டிக்கொண்டு, மற்ற பிள்ளைகளோடு காரைக்காலுக்குக் கப்பலேறினார். இருபத்துமூன்று வயசு நத்தர்ஷா மட்டும் போகவில்லை. அண்ணன்மார் கடிதங்கள் சில வருஷம் வந்தன, பிறகு நின்றன. ஒரே மகள் அஷ்ரஃபுன்னிசா இப்போது பிரான்சில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். அவள் பேசுவது வியட்நாமிய மொழி. பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை நூறு பேர் நிற்பார்கள். சலாம் சொன்னால் பதில் சலாம் வரும். அதற்கு மேல் பேச்சை வளர்க்க அங்கே ஒரு தமிழாள் இல்லை.

மனுஷன் எத்தனை நாள்தான் வாயை மூடிக்கொண்டிருப்பார்? மெஷின்களோடு பேசினார். கடையில் இரண்டு பழைய மெஷின்கள் இருந்தன. தாள் சிக்கினால், "பொறு, பொறு, எடுக்குறேன்ல" என்பார். சூடேறி நின்றுவிட்டால், "என்னா அவசரம் ஒனக்கு? கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வா" என்பார். நோட்ஸ் நகலெடுக்க வந்து நிற்கும் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள், தாத்தா ஏதோ ஓதுகிறார் என்று மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள்.

இரண்டாயிரத்துப் பதிமூன்று மே மாசம் அவருக்கு ஒரு பெரிய ஆர்டர் தேடி வந்தது. ஊருக்குள் ஏழு இடத்தில் டியூஷன் சென்டர் நடத்தும் ஒரு அம்மாள், அத்தனை பாடத்தாளையும் அவரே அடித்துத் தரவேண்டும் என்றாள். மாசம் மூன்று லட்சம் பக்கம், கறுப்பு வெள்ளை, இரண்டு பக்கமும் அச்சு, ஓரத்தில் பின் அடித்து. செப்டம்பரில் பள்ளி திறப்பதற்குள் மெஷின் தயாராக வேண்டும். ஆகஸ்ட் பதினைந்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாள். இருந்த இரண்டு கிழட்டு மெஷின்களால் மூன்று லட்சத்தை நினைத்துப் பார்க்கக்கூட முடியாது. ஆகவே நத்தர்ஷா மெஷின் தேட ஆரம்பித்தார்.

அப்படித்தான் சண்முகவேல் வந்தான். டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மெஷின் கம்பெனியில் வேலை. சின்னக் கம்பெனி; விற்பதும் அவன்தான், பழுது பார்ப்பதும் அவன்தான். முப்பத்தைந்து வயசு, சிவகாசிக்காரன். அச்சு மையை மோந்து பார்த்தே வளர்ந்தவன் என்று சொல்லலாம். அவன் கடை வாசலில் பைக்கை நிறுத்தியபோது நத்தர்ஷா தாள் எண்ணிக்கொண்டிருந்தார். எந்த ஊரில் இருந்தாலும், எத்தனை பாஷை பேசினாலும், எண்ணுகிறபோது தாய்மொழிதான் வரும்.

"நாப்பத்தாறு, நாப்பத்தேழு..."

"பாய், நீங்க தமிழா?"

முப்பது வருஷத் தொழிலில் அன்றைக்குத்தான் நத்தர்ஷாவுக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். "பசியாறிட்டீங்களா தம்பி?" என்றார். அப்போது மணி மத்தியானம் மூன்று.

சண்முகவேல் புது மெஷின் ஒன்றின் விளம்பரத் தாளை விரித்தான். நிமிஷத்துக்கு நூற்றிருபது பக்கம் என்று போட்டிருந்தது. நத்தர்ஷா விளம்பரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து அவர் வழக்கமாக வாங்கும் மலிவுத் தாளில் ஒன்றை உருவினார். காதுக்குப் பக்கத்தில் பிடித்து விரலால் சுண்டினார்.

"இது எப்புடிப் பேசுது பாருங்க. சலசலண்டு சொன்னா காஞ்ச தாள். சத்தம் அமுங்குனா தண்ணி குடிச்ச தாள். தண்ணி குடிச்ச தாள எந்த மெஷின்லயும் ஏத்தக்கூடாது. ஒங்க நூத்தியிருவது பக்கம் ஒங்க வழவழ தாள்ல. என் தாள்ல எத்தன?"

சண்முகவேலும் ஒரு தாளை வாங்கிச் சுண்டிப் பார்த்தான். "பாய், எங்க ஊர்ல எங்கப்பாவும் இப்படித்தான் பாப்பாரு" என்று சிரித்தான். "ஒங்க தாள்லயே ஓட்டிக் காட்டுறேன். ஐயாயிரம் பக்கம். அப்பறம் பேசுவோம்."

ஐயாயிரம் பக்கம் ஓட்டிப் பார்க்க ஒரு நாள் போனது. தாள் சுருளுகிறதா, பின்பக்கத்தில் மை ஒட்டுகிறதா என்று பார்க்க இன்னொரு நாள். பிறகு நத்தர்ஷா வேறு ஒரு மாடலைப் பற்றி விசாரித்தார். அதற்கும் ஐயாயிரம். தட்டு எத்தனை ரீம் கொள்ளும், மழைக்காலத்தில் எப்படி, கரண்டு எவ்வளவு இழுக்கும் என்று வாரத்துக்கு ஒரு சந்தேகம் கிளப்பினார். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் சண்முகவேல் நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு மணி நேரம் பைக் ஓட்டிக்கொண்டு வந்தான். வந்தால் மெஷின் பேச்சு பத்து நிமிஷம். ஐஸ் காபியை உறிஞ்சியபடி மற்றப் பேச்சு இரண்டு மணி நேரம். ஊருக்குள் தமிழர்கள் கட்டிய பழைய கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போனால், கும்பிட வருவதெல்லாம் வியட்நாமியர்கள்தான் என்பான். இவர் வாப்பாவின் ஜவுளிக்கடையைப் பற்றிச் சொல்வார். மறந்துபோன சொற்கள் ஒவ்வொன்றாய் நாக்குக்குத் திரும்பி வந்தன. ஒரு நாள் 'அடுக்களை' என்ற சொல் வந்தது. அன்றைக்கு முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார்.

மெஷினை வாங்கிவிட்டால் சந்தேகம் தீர்ந்துபோகும். சந்தேகம் தீர்ந்தால் சண்முகவேல் வரமாட்டான். நத்தர்ஷாவுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. அதனால்தான் ஜூன் போய், ஜூலை போய், ஆகஸ்ட் பத்தாம் தேதி வரைக்கும் இழுத்தடித்தார். டியூஷன் அம்மாள் இரண்டு தடவை போன் செய்துவிட்டாள்.

சும்மா வந்து பேசிவிட்டுப் போங்க தம்பி என்று சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் முடியாது. நத்தர்ஷாவின் வாப்பா பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்த பாடம் ஒன்று உண்டு. ஹாஜத்து இல்லாமல் ஒருத்தர் வாசலை மிதிக்காதே, ஹாஜத்து இல்லாமல் ஒருத்தரையும் வரச்சொல்லாதே. ஹாஜத்து என்றால் காரியம், தேவை. வேற்று நாட்டில் கடை போட்டவன் அடுத்தவன் நேரத்தைத் தின்னக்கூடாது என்பது அந்த வணிகர்களின் கட்டளை. வாப்பா போய்விட்டார், கடை போய்விட்டது. அந்தக் கட்டளை மட்டும் போகவில்லை.

பத்தாம் தேதி சண்முகவேல் பேச்சை முடிக்கிற தீர்மானத்தோடு வந்தான்.

"பாய், ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு அந்தப் புது மெஷின். வெல கொஞ்சம் கூட. ஆனா தொந்தரவே இருக்காது. எந்த உறுப்பு தேயுதுன்னு அதுவே நெட்டு வழியா எங்க ஆபீசுக்குச் சொல்லிரும். பாதிக் கோளாற நாங்க அங்க உக்காந்தே சரி பண்ணிருவோம். நான் வரவே வேண்டியதில்ல." இதை அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

"இன்னொண்ணு?"

"எங்க குடோன்ல பழசு ஒண்ணு கெடக்கு. அமெரிக்காவுல ஓடிக் கழிச்சு, கப்பல்ல வந்தது. நாப்பது லட்சம் பக்கம் ஓடிருச்சு. வெல பாதிதான். ஆனா வேணாம் பாய். மாசத்துக்கு ரெண்டு தடவையாவது மக்கர் பண்ணும்."

"பண்ணுனா யாரு வந்து பாப்பா?"

"நாந்தான் வரணும்."

"அதயே கொடுத்துருங்க" என்றார் நத்தர்ஷா.

சண்முகவேலுக்கு மனசு கேட்கவில்லை. மூன்று லட்சம் பக்கம், பாய், வேலை நின்னா அந்த அம்மா சும்மா விடுமா என்று எவ்வளவோ சொன்னான். நத்தர்ஷா விலையைச் சாக்காகச் சொன்னார். விலை ஒரு பொருட்டே இல்லை. மகள் கொடுத்த பணம் தொடாமல் கிடந்தது. அறுபது வயசில், நல்ல மெஷின் எது, கெட்ட மெஷின் எது என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரு தொழில்காரர், கண்ணைத் திறந்துகொண்டே கெட்டதை எடுத்தார். அன்றைக்கு ராத்திரி அவருக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் மெஷின் வந்து இறங்கியது. சின்னக் கட்டில் அளவு இருந்தது. சண்முகவேல் இரண்டு நாள் கூடவே இருந்து எல்லாவற்றையும் பொருத்தி ஓட்டிக்காட்டினான். போகும்போது, "கோளாறுன்னா ஒடனே கூப்பிடுங்க பாய்" என்றான்.

"கூப்புடாம?" என்று நத்தர்ஷா சிரித்தார்.

செப்டம்பரில் மூன்று லட்சம் பக்கம் ஓடியது. தாள் சிக்கவில்லை. அக்டோபரில் மூன்றேகால் லட்சம். ஒரு கோடு விழவில்லை, ஒரு பக்கம் மங்கவில்லை. நாற்பது லட்சம் ஓடிக் களைத்த மெஷின் புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது. நத்தர்ஷா மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. டிரம் புதுசு. சூடேற்றும் உருளை புதுசு. தாள் இழுக்கும் ரப்பர் சக்கரம் ஒவ்வொன்றும் புதுசு. வயசான மனுஷன் கஷ்டப்படக்கூடாதென்று, குடோனில் நாள்கணக்கில் உட்கார்ந்து சண்முகவேல் தேய்ந்தது அத்தனையையும் மாற்றியிருக்கிறான். பில்லில் ஒரு வார்த்தை எழுதவில்லை.

நத்தர்ஷாவுக்கு நன்றி வரவேண்டிய இடத்தில் அழுகைதான் வந்தது. "இப்புடிப் பண்ணிட்டாரே தம்பி" என்று மெஷினிடம் சொன்னார். மெஷின் நிமிஷத்துக்கு நூற்றுப்பத்து பக்கம் வீதம் அடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. போனை எடுப்பார், பெயரைப் பார்ப்பார், என்ன காரியம் என்று சொல்வது என யோசிப்பார், வைத்துவிடுவார். அவனும் போன் செய்யவில்லை. அது அவரை இன்னும் வாட்டியது. விற்றாயிற்று, வேலை முடிந்தது. பிறகு என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நவம்பரில், மழைக்காலம் முடிகிற நேரத்தில், ஐந்து நாள் விடாமல் பெய்தது. நத்தர்ஷா ஒரு ரீம் தாளைப் பிரித்து, பின்கட்டில் பாத்திரம் கழுவும் இடத்து ஜன்னலோரம் விரித்து வைத்தார். மூன்று நாள் கழித்து ஒரு தாளை எடுத்துக் காதோரம் சுண்டினார். சத்தமே இல்லை. அதைத் தட்டில் ஏற்றினார். இருபதாவது பக்கத்தில் மெஷின் சிக்கி நின்றது.

"தம்பி, மெஷின் நிண்டுபோச்சு" என்று போனில் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் சண்முகவேல் வந்தான், தொப்பலாக நனைந்து. துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டே மூடியைத் திறந்தான். சிக்கிய தாளை உருவினான். உருளைகளைப் பார்த்தான். பிறகு தட்டை இழுத்து, மேலேயிருந்த தாளை எடுத்தான். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரலால் சுண்டினான். இன்னொன்று எடுத்துச் சுண்டினான். அப்புறம் நத்தர்ஷாவைத் திரும்பிப் பார்த்தான்.

நத்தர்ஷா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், போன் பண்ணியிருந்தா சும்மாவே வந்திருப்பேனே."

"என்னண்டு சொல்லிக் கூப்புடுறது தம்பி?"

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. சண்முகவேல் ஈரத் தாளை முழுக்க வெளியே எடுத்தான், தட்டைத் துடைத்தான், அலமாரியிலிருந்து காய்ந்த ரீம் ஒன்றைப் பிரித்து வைத்தான். மெஷின் ஓடத் தொடங்கியது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து சர்வீஸ் தாளை எடுத்தான். கோளாறுக்குக் காரணம் என்ற இடத்தில் 'மழை' என்று எழுதினான். அடுத்த வருகை என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"கம்பெனி ஹனோய்ல புதுக் கிளை தொறக்குது, எனக்கு அங்க மாத்தலாயிருச்சு, பாய். ஒண்ணாந் தேதி அங்க இருக்கணும். சொல்லணும், சொல்லணும்னு ஒரு மாசமா நெனச்சுக்கிட்டே இருக்கேன். மெஷின்ல ஏதாவது வந்தாக் கூப்பிடுவீங்க, அப்ப நேர்ல சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். நீங்க கூப்பிடவே இல்ல."

நத்தர்ஷா மனசுக்குள் கணக்குப் போட்டார். மூன்று மாசம். இவர் அவனைக் கூப்பிட ஒரு காரியம் தேடிக்கொண்டிருந்தார், அவன் இங்கே வர ஒரு காரியத்துக்குக் காத்திருந்தான். நடுவில் மெஷின் மட்டும் பழுதில்லாமல் ஓடியிருக்கிறது. வாப்பாவின் மேல் அவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் வந்தது.

"ஒண்ணாந் தேதிக்கு எத்தன நாளு இருக்கு?"

"பன்னெண்டு நாள், பாய்."

சண்முகவேல் எழுந்து மழைக்கோட்டை மாட்டிக்கொண்டான். நத்தர்ஷா வாசல் வரைக்கும் வந்தார். பைக் கிளம்புகிற சமயம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாளைக்கும் வாங்க தம்பி."

"என்ன விஷயம் பாய்?"

"ஹாஜத்து ஒண்ணும் இல்ல" என்றார் நத்தர்ஷா.